ஜரிகை சுற்றிய ஃபியூஸ்

1. வாசனை

பெட்ரோல் வாசனையும் கற்பூர வாசனையும் சேர்ந்து வந்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். கோயில் வாசலில் பைக்குகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் யாராவது கற்பூரம் ஏற்றினால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். காரணம் ஒரு லாரி. அதற்கு எலக்ட்ரிக் சோக் ஒயரிங் செய்தவன் நான்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து முனையில் முப்பத்தோரு வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். நடுவில் சில வருடம் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். விபத்துச் செய்திதான் அதிகம் அனுப்பினேன். நேரில் பார்த்தது எது, பிறர் சொன்னது எது என்று பிரித்து எழுதாவிட்டால் செய்தியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதையும் அப்படியே பிரித்து எழுதுகிறேன். புதிதாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலைக்கு வருகிறவர்களுக்காக.

2. கேபிள் இல்லாத சோக்

லாரி ஏழுமலை அண்ணனுடையது. தாமல் ஏரிப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம்; இப்போது ஜல்லி, மணல் கான்ட்ராக்ட் எடுக்கிறார். ஊர்த் திருவிழாக் கமிட்டியும் அவர் கையில்தான். அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் லாரி அது. வருடம் முழுக்க ஷெட்டில் நிற்கும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அம்மனை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஏரிக்கரையில் முடிக்கும். ஒரு வருடம் டீசல் லாரியில் வைத்துப் பார்த்தார்களாம். இன்ஜின் ஆட்டத்தில் அம்மன் கிரீடம் சரிந்துவிட்டதாம். அதிலிருந்து பெட்ரோல் லாரியை விடவில்லை. இது அவர் சொன்னது.

அந்த வருடம் கார்புரேட்டர் போய்விட்டது. மெக்கானிக் சென்னையில் புதுப்பேட்டை முழுக்க அலைந்து, அளவு ஒத்துவருகிற வேறொன்றை வாங்கி வந்து மாட்டினார். பழையதில் சோக்கைக் கேபிளால் இழுக்க வேண்டும். புதியதில் கேபிளுக்கு இடமே இல்லை. பக்கவாட்டில் வட்டமாக ஒரு கறுப்பு டப்பா, அதில் இரண்டு டெர்மினல். "இது கரண்ட் சோக்கு. மிச்சத்தை தாஸ் பாத்துப்பான்" என்று லாரியை என் கடைக்கு அனுப்பிவிட்டார். தாஸ் என்பது நான்.

ஏழுமலை அண்ணன் கூடவே வந்தார். டப்பாவைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா தாஸு, சோக்குன்னா டியூப் லைட்டுக்குத்தானே? லாரிக்கு எதுக்குப்பா?"

"இது வேற சோக்குண்ணா. காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்ப காத்த அடைச்சி, பெட்ரோல கொஞ்சம் தூக்கலா குடுக்கும். சூடானதும் தானா தெறந்துக்கும்."

"மூச்ச அடைச்சாதான் எழுந்திருக்குமா? எங்க கமிட்டி செயலாளரு மாதிரி வண்டிப்பா இது."

வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் இரண்டு உலோகம் சேர்த்த ஒரு சுருள் இருக்கிறது. கரண்ட் போனால் சூடாகி நெகிழும். கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு இரண்டு மூன்று நிமிடத்தில் திறக்கும். கரண்ட் போகாவிட்டால் தகடு மூடியே இருக்கும். அப்போது இன்ஜினுக்குள் போவது காற்றைவிடப் பெட்ரோல்தான். கரும்புகை வரும், மீதிப் பெட்ரோல் வெளியே கசியும். இன்ஜின் ஓடாதபோது கரண்ட் கொடுத்தாலும் தவறு. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தகடு திறந்துவிடும். ஆகவே சாவியிலிருந்து நேராக எடுக்கக் கூடாது. இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்கவே கூடாது.

நான் ஒரு ரிலே, அதாவது கரண்டால் இயங்குகிற சுவிட்ச், போட்டேன். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்ய ஆரம்பித்தால்தான் அந்த ரிலே இழுக்கும்; இழுத்தால் பேட்டரியிலிருந்து சோக்குக்குக் கரண்ட் போகும். பேட்டரி லாரியின் இடதுபக்கப் படிக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அங்கேயே லைனில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் மாட்டினேன். அதுவரை வேலை சுத்தம்.

ரிலேயிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஒயரை நான்கு இடத்தில் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். கையில் மூன்று கிளிப்தான் இருந்தது. நான்காவது இடம் ஆக்சிலரேட்டர் லிவரின் ஸ்பிரிங்குக்கு அருகில். ஒயரைக் கையால் வளைத்து ஒதுக்கிவிட்டேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பானெட்டைத் திறந்துவைத்து, லிவரை விரலால் தள்ளி ரேஸ் செய்து பார்த்தேன். சோக் அழகாகத் திறந்தது. புகை இல்லை. மறுநாள் வேறு வண்டி வந்துவிட்டது.

3. "பிணைச்சிட்டேன்"

திருவிழாவுக்கு ஏழுமலை அண்ணன் போனில் அழைத்தார். "சாமி கும்பிட வாணாம்பா, சோறு துன்ன வா."

நான் சர்ச்சுக்குப் போகிறவன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அதே ஏரிப் பாசனத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனேன்.

காலை ஒன்பதரை இருக்கும். லாரி நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. பின்னால் அம்மன், அம்மனோடு பூசாரியையும் சேர்த்து ஏழு பேர். பானெட் தெரியவில்லை. சாமந்தி மாலையும் வேப்பிலையும் போட்டு மூடியிருந்தார்கள். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாழை மரம். மேளம் காதைப் பிளந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் லாரி நின்றது. பெண்கள் தட்டில் கற்பூரத்தோடு முன்னால் வந்து, பானெட்டிலிருந்து இரண்டடியில் நின்று காட்டினார்கள். இன்ஜினை மட்டும் யாரும் அணைக்கவில்லை. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ என்ற பயம்.

பக்கத்தில் நெருங்கியதும் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் தனசேகர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர். இந்த ஊர் அவருடைய மனைவி கோமளாவின் ஊர். ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பதால் வருடத்துக்கு ஒரு நாள் அம்மனுக்கு டிரைவர்; என் கடையிலிருந்து லாரியை எடுத்துப் போனதும் அவர்தான். என்னைப் பார்த்ததும் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தாஸண்ணா! காலைல மானமே போச்சுண்ணா. ஷெட்லேர்ந்து கோயில் வரைக்கும் ஒரே கரும்பொகை. ஜனமெல்லாம் மூக்க புடிச்சிக்கினு ஓடுது."

"அப்புறம்?"

"உன் ஃபியூஸு போயிருந்துச்சு. பிணைச்சிட்டேன்."

"எதால பிணைச்ச?"

"சட்டைப் பையில ஜரிகை இருந்துச்சு. பத்து சுத்து சுத்தி மாட்டிட்டேன். ஒரிஜினல் ஜரிகைண்ணா, உள்ள வெள்ளி. கரண்ட் சும்மா பறக்குது. பாரு, பொகை இருக்குதா?"

புகை இல்லை. அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

ஃபியூஸ் ஏன் போயிற்று என்று மட்டும் யோசித்தேன். சோக் எடுக்கிற கரண்டுக்கு அந்த ஃபியூஸ் போகாது. ஒயர் எங்கோ பாடியைத் தொட்டிருக்கிறது. எங்கே என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. நான்காவது கிளிப் இல்லாத இடம். நான் விரலால் தள்ளியபோது லிவர் பாதிதான் நகர்ந்திருக்கும். காலால் முழுதாக மிதித்தால் ஸ்பிரிங் ஒயரின் மேல் ஏறி உரசும். கடையிலிருந்து ஓட்டிப் போனபோதே ஒயர் தேய்ந்திருக்கும்; அன்று காலை ஷெட்டிலிருந்து வரும்போது மறுபடி மிதித்திருக்கிறார்; ஒயர் தோல் உரிந்து தொட்டிருக்கிறது; ஃபியூஸ் போயிருக்கிறது. கரண்ட் இல்லாமல் சோக் மூடிக்கொண்டு பெட்ரோல் கசிந்திருக்கிறது. இப்போது ஊருக்குள் மிதிக்கத் தேவையில்லாமல் ஊர்ந்து போவதால் தொடவில்லை. மறுபடி முழுதாக மிதித்தால் தொடும். அப்போது அறுந்து காப்பாற்ற ஃபியூஸ் கிடையாது. பத்துச் சுற்று வெள்ளி இருக்கிறது. ஒயர் சூட்டில் சிவப்பாகப் பழுத்துவிடும். அதன் முனை போய் நிற்பது பெட்ரோல் நனைந்த கார்புரேட்டரில்.

முன்னால் பார்த்தேன். எட்டு வீடு தாண்டி ஏரிக்கரை ஏற்றம் தொடங்கியது.

4. ஏற்றம்

"தனசேகர், ஏத்தத்துல மிதிக்காத. இப்பவே ஆஃப் பண்ணு."

"இன்னாண்ணா விளையாடுற? மிதிக்கலன்னா பின்னால உருளும். பின்னாடி பூரா ஜனம். ஆஃப் பண்ணா அண்ணன் என் தோல உரிச்சிடுவாரு."

அவர் சொன்ன இரண்டும் உண்மை. நான் ஏழுமலை அண்ணனைத் தேடி ஓடினேன். இங்கே நான் செய்த இரண்டாவது தவறு இருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அந்த லாரியில், அந்தத் தெருவில், கேட்காமல் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்கப் போனதில் ஐந்து வீடு போய்விட்டது.

அவர் மேளக்காரர்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். காதருகில் கத்திச் சொன்னேன்.

"அண்ணா, வண்டி தீப்பிடிக்கும். இன்ஜின ஆஃப் பண்ண சொல்லு. கற்பூரத்த தள்ளி காட்ட சொல்லு."

"நடுத்தெருவுல அம்மன நிறுத்த சொல்றியா? நீ சொல்றியா?"

அந்த "நீ"யை நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை. நேரம் இல்லை.

"அண்ணா, நான் போட்ட ஒயரு. எனக்குத் தெரியும்."

"நீ போட்ட ஒயருதானே? அப்ப நல்லாத்தான் இருக்கும், போ. ஒவ்வொரு வீடும் ஒரு வருசமா காத்துக்கினு இருக்குது. வந்த எடத்துல வாய வெக்காத."

திரும்பி லாரியை நோக்கி ஓடினேன். இடதுபக்கப் படிக்கு வந்தபோது அங்கேயும் வாழை மரத்தின் அடி கட்டியிருந்தது. படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ், செருப்போட ஏறாதய்யா! யார்ரா அவன்?" இறங்கிச் செருப்பை உதறினேன். அதற்குப் பத்து நொடி. வாழைத்தாரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு பெட்டியின் கொக்கியைத் தேடினேன். அந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. முன்சக்கரம் ஏற்றத்தில் ஏறிவிட்டது. தனசேகர் மிதித்தார்.

முதலில் வந்தது புகை இல்லை, நெருப்பு இல்லை. முடி கருகுகிற வாசனை.

காஞ்சிபுரத்தில் அந்த வாசனையைத் தெரியாதவர் கிடையாது. பட்டு சுத்தமா என்று பார்க்க ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள். சுத்தப் பட்டு என்றால் முடி எரிகிற வாசனை வரும். ஜரிகையின் உள்ளிழையும் பட்டுதான். வெள்ளி பழுத்ததும் உள்ளே இருந்த பட்டு கருகியது.

ஏற்றத்தின் ஓரத்தில் தட்டோடு நின்றிருந்தார் கோமளா. தறிக்காரர் வீட்டில் பட்டு முறுக்கிக் கொடுக்கிறவர். அவர் போட்ட கூச்சல் மேளத்தைத் தாண்டிக் கேட்டது.

"பட்டு கருகுதும்மா! யாரு பொடவைல நெருப்பு பட்டுச்சு? பாருங்கம்மா! பாருங்க!"

நான் கத்தியதை ஒருவரும் கேட்கவில்லை. இதை அத்தனை பேரும் கேட்டார்கள். அன்று எல்லோரும் பட்டு உடுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் முதலில் தன் முந்தானையைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நிற்பவளின் கொசுவத்தைப் பார்த்தாள். தட்டுகள் தரைக்கு இறங்கின. கோமளா தன் ஆரத்தித் தண்ணீரையே தன் கற்பூரத்தில் கவிழ்த்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கவிழ்த்தார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பின்வாங்கியதில் லாரியைச் சுற்றி பத்தடிக்கு வெறும் தரை தெரிந்தது. அந்தப் பத்தடியில் ஒரு நெருப்பும் இல்லை.

பெட்டி மூடி திறந்தது. ஃபியூஸ் ஹோல்டருக்குள் சிவப்பாக ஒரு கோடு. பிளாஸ்டிக் உருகி வழிந்துகொண்டிருந்தது. தோள் துண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் ஒயரோடு கையில் வந்தது. இரண்டு விரலில் தோல் போய்விட்டது. அது அப்போது தெரியவில்லை.

"ஆஃப்! ஆஃப் பண்ணு! தனசேகரு!"

அணைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். யாரோ இரண்டு கருங்கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் உருட்டினார்கள். மேளமும் நின்றது. அம்மனுக்கு அருகில் நின்ற ஏழு பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு ஏதோ நேர இருந்தது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.

5. பானெட்டுக்குள்

மாலைகளை அறுத்துப் பானெட்டைத் திறந்தோம். நேரில் பார்த்ததை எழுதுகிறேன். ரிலேயிலிருந்து வரும் சிவப்பு ஒயர் முக்கால்வாசி தூரம் கறுப்பாக உரிந்திருந்தது. ஸ்பிரிங் உரசிய இடத்தில் செம்பு பளபளத்தது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் ஈரம். கருகியது நின்ற இடத்துக்கும் ஈரம் தொடங்கிய இடத்துக்கும் நடுவில் என் கையால் ஒரு சாண்கூட இல்லை. வைத்துப் பார்த்தேன்.

ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. திரும்பித் தனசேகரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, தறில குந்தினமா நாடாவ தள்ளினமான்னு இல்லாம உனுக்கு எதுக்குடா எலக்ட்ரிக் வேல? ஏழு பேர கொளுத்தியிருப்பியேடா! ஜரிகைய சுத்தினானாம், ஜரிகைய!"

தனசேகர் தலை குனிந்து நின்றார். மாமனார் ஊர், மனைவிக்கு முன்னால். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் உடனே பேசவில்லை. இதையும் எழுத வேண்டும். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஏழுமலை அண்ணன் இன்னும் நான்கைந்து வாக்கியம் திட்டுகிற நேரம். பேசாமல் இருந்தால் அது ஜரிகையின் தவறாகவே போய்விடும் என்று தெரிந்தது. என் கடைக்கு வரும் பாதி வண்டிகள் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. "அந்த தாஸ் போட்ட ஒயர்ல அம்மன் வண்டி எரிய பாத்துச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், கடையை மூட வேண்டியதுதான். அதையும் தாண்டி வேறொரு பயம் இருந்தது. அம்மன் வண்டியில் இப்படி ஒரு வேலை செய்தவன் யார், எந்தத் தெரு, எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டால் என்ன ஆகும் என்ற பயம்.

கோமளாவைப் பார்த்தேன். காலியான தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தபடி நின்றிருந்தார். பேசினேன்.

"அண்ணா, அவன விடு. தப்பு என்னுது. இந்த எடத்துல ஒரு கிளிப் போடணும். நான் போடல. அதனாலதான் ஃபியூஸ் போச்சு. போன ஃபியூஸ இன்னா பண்ணணும்னு அவன்கிட்ட சொல்லவும் இல்ல."

ஏழுமலை அண்ணன் என்னையும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஏதோ முனகினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "வாய மூடுங்கடா. நிறுத்த சொல்லி வந்து கேட்டான். நான்தான் கேக்கல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கி விரல்களைப் பார்த்தார். "மஞ்ச தண்ணி ஊத்தும்மா" என்று கோமளாவிடம் சொன்னார். தட்டில் தண்ணீர் இல்லை. எல்லாம் கற்பூரத்தில் போயிருந்தது.

அம்மன் நடுவழியில் நிற்கக் கூடாது. ஏரியில் மீன்வலை இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து லாரியின் முன்கொக்கியில் கட்டினார்கள். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஏற்றத்தில் இழுத்தார்கள். கமிட்டி செயலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுக்கு எதுக்குடா இன்ஜினு?" என்றார். முதல் தடவையாகச் சிலர் சிரித்தார்கள். நானும் கயிற்றைப் பிடித்தேன், ஒரு கையால். யாரும் தடுக்கவில்லை.

6. அறுவதற்கென்று ஓர் இழை

சாப்பாட்டுப் பந்தியில் தனசேகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் இன்னாண்ணா தப்பு பண்ணேன்? நெசமாவே புரியல. தறில, பாவு நூல்ல ஒரு இழ அறுந்தா உடனே பிணைக்கணும். பிணைக்காம ஒரு வரி ஓட்டினா பொடவையே போச்சு. அறுந்தத அப்படியே வுட்டுட்டு போவ என் கை ஒத்துக்காது."

"பாவுல சரி. ஃபியூஸ் அறுந்து போறதுக்குன்னே போட்டது தனசேகரு. எங்கயோ தப்பு நடக்குதுன்னு அது அறுந்து சொல்லுது. நீ அத பிணைச்சா, சொல்ற வாய தச்சிட்டேன்னு அர்த்தம்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அறுந்து போறதுக்குன்னே ஒரு இழையா? இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா."

சொல்லியிருக்கலாம். முப்பது வருடமாக நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஃபியூஸ் மாட்டியிருக்கிறேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியவர், செம்புக் கம்பியைச் சுற்றியவர் என்று பார்த்துத் திட்டியிருக்கிறேன். ஃபியூஸ் எதற்கு என்று ஒருவருக்கும் உட்கார்ந்து சொன்னதில்லை. அறுந்ததைச் சேர்ப்பதுதான் வேலை என்று ஆயுள் முழுக்கப் பழகிய கைக்கு அதைச் சொல்லாமல் லாரியைக் கொடுத்தது, கிளிப் போடாததைவிடப் பெரிய தவறு.

இப்போது என் கடையில் இரண்டு வழக்கம். கிளிப் குறைந்தால் வண்டி வெளியே போகாது; வெறும் நம்பிக்கையில் ஒயரை வளைத்துவிட மாட்டேன். வண்டியை எடுக்க வருகிறவரை, முதலாளியை அல்ல, ஓட்டுகிறவரை, ஃபியூஸுக்கு முன்னால் உட்காரவைப்பேன். இது போனால் பிணைக்காதே, ஏன் போனது என்று கேள் என்று சொல்லி, இரண்டு புது ஃபியூஸைப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிக்கொடுப்பேன்.

மறுவருடமும் ஏழுமலை அண்ணன் அந்த லாரியை என்னிடமே அனுப்பினார். ஒயரை முழுதாக மாற்றி, நான்குக்குப் பதிலாக ஆறு கிளிப் போட்டேன். தனசேகரை உட்காரவைத்து நூறு தடவை காலால் மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். திருவிழா அன்று வண்டிக்குப் பக்கத்திலேயே, செருப்பில்லாமல், நடந்தேன். எட்டு வீடு தாண்டியது. ஏற்றம் வந்தது. தனசேகர் மிதித்தார், இன்ஜின் சத்தம் மாறியது. நான் லாரியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் தட்டோடு நின்ற கோமளாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கற்பூரத்தை ஏற்றாமல், தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடி, தலையைத் தூக்கிக் காற்றை மோந்துகொண்டிருந்தார்.

அவர் தீக்குச்சியை உரசும்வரை நான் மூச்சு விடவில்லை.